எந்த வருசத்து வண்டி? - பழைய பிக்கப் வாங்கும் முன்

வாரத்துக்கு ஒரு போனாவது இப்படி வந்துவிடுகிறது. "அண்ணே, சின்னமனூர்ல 2016 மாடல் பிக்கப் ஒண்ணு நிக்குது. வாங்கலாமா?"

கேட்கிறவர் பெரும்பாலும் இயற்கை வழிக்குப் புதிதாக வந்தவர். இரண்டு ஏக்கர் வாழை, ஓரத்தில் காய்கறி, நாலு நாட்டு மாடு. கமிஷன் கடையில் இறக்கினால் மருந்தடித்த காய்க்கும் நம்ம காய்க்கும் ஒரே விலைதான். தேனியிலும் மதுரையிலும் வீடுகளுக்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் நாலு காசு நிற்கும். அதுக்கு வண்டி வேணும். புது வண்டிக்குத் தவணை கட்டினால் காய் விற்ற காசு பூராவும் பைனான்ஸுக்கே போய்விடும். ஆக, பழைய வண்டி.

"2016 மாடல்" என்ற ஒரு சொல்லை வைத்து வாங்கலாம், வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. அதுக்காக, வருசத்தில் ஒண்ணுமில்லை என்று மெக்கானிக்குகள் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. வருசத்தில் நிறைய இருக்கிறது. ஆனால் அது வண்டியின் வயசு மட்டுமில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் அந்த இன்ஜினைக் கட்டினார்கள் என்பதையும் அதே வருசம்தான் சொல்கிறது.

முதலில் என் கதை. 2018-ல் தரகர் ஒருவர் மூலமாக "2015 மாடல்" என்று ஒரு வண்டி வாங்கினேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது. சீட் கவர் புதுசு. ஆர்.சி.யில் பதிவான தேதி 2015 பிப்ரவரி. அதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து கியர் பாக்ஸ் போன அன்று, மெக்கானிக் அதே ஆர்.சி.யில் இன்னொரு வரியைக் காட்டினார். தயாரித்த மாதம் 2014 ஜனவரி. ஒரு வருசத்துக்கு மேல் எங்கேயோ வெயிலிலும் மழையிலும் நின்று, பிறகு பதிவான வண்டி. அது கூடப் பெரிசில்லை. மூன்று வருசமாகத் தினமும் போடிமெட்டு ஏறி இறங்கின வண்டி என்பது அப்புறம்தான் தெரிந்தது. கியர் பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் கொடுத்த பணத்தில் ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம்.

ஆர்.சி.யில் இரண்டு தேதி, டயரில் ஒண்ணு

நம்ம ஊரில் "மாடல்" என்று சொல்வது பதிவு வருசத்தை. தயாரித்த மாதமும் வருசமும் ஆர்.சி.யில் தனியாக அச்சிட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மாத இடைவெளி சகஜம். டிசம்பரில் செய்த வண்டியை ஜனவரியில் பதிந்தால் "ஒரு வருசம் புதுசு" என்று விலை ஏறுகிறது. அதுக்கு நாம் ஏமாறக்கூடாது. ஆனால் எட்டு மாதம், ஒரு வருசம் இடைவெளி என்றால் ஏன் என்று கேளுங்க.

சேஸ் நம்பர் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. பல கம்பெனிகளில் பத்தாவது எழுத்து தயாரித்த வருசத்தைக் குறிக்கும். 2010-க்கு ஏ, 2011-க்கு பி என்று வரிசையாகப் போய் 2017-க்கு ஹெச். ஐ என்ற எழுத்து கிடையாது, எண் 1 என்று குழம்பிவிடும் என்பதால். ஆகவே 2018-க்கு ஜே, 2019-க்கு கே, 2020-க்கு எல். எல்லாக் கம்பெனியும் இதே இடத்தில் போடுவதில்லை, எனவே ஆர்.சி.யில் இருப்பதைத்தான் முடிவாக எடுக்கணும். ஆனால் சேஸில் குத்தியிருக்கும் நம்பரைத் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே ஆகணும். சுரண்டின அடையாளமோ, பக்கத்தில் வெல்டிங்கோ இருந்தால் அந்த இடத்திலேயே வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்க.

மூன்றாவது தேதி டயரில் இருக்கிறது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3518 என்றால் 2018-ம் வருசம் 35-வது வாரம் செய்த டயர். முக்கியமாக ஸ்டெப்னியைப் பாருங்க. கம்பெனியில் வந்த ஸ்டெப்னி பல வண்டிகளில் அப்படியே கிடக்கும். வண்டியின் உண்மையான வயசை அது சொல்லிவிடும். 40,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் காட்டுகிறது, ஆனால் நாலு டயரும் இரண்டாவது செட், பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டர் பொய் சொல்கிறது.

2010, 2017, 2020

வெளிநாட்டில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒரு மாடல் புதிதாக வந்த முதல் வருசத்தைத் தவிர்ப்பார்கள். குறைகளெல்லாம் அடுத்த வருசம் சரியாகும் என்ற கணக்கு. நம்ம நாட்டு பிக்கப்புகளில் அதைவிட முக்கியமான கோடுகள் வேறு. புகை விதி மாறின வருசங்கள்.

2010-ல் பி.எஸ்.3 நாடு முழுக்க வந்தது. சென்னை மாதிரிப் பெருநகரங்களுக்கு அப்போதே பி.எஸ்.4. நாடு முழுக்க பி.எஸ்.4 வந்தது 2017 ஏப்ரல் 1. அதற்கு மூன்று நாள் முன்னால், மார்ச் 29 அன்று, ஏப்ரல் 1-க்குப் பிறகு பி.எஸ்.3 வண்டியை விற்கவோ பதியவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையிலிருந்த வண்டிகளைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டார்கள். கடைசி இரண்டு நாள் ஷோரூம்களில் நடந்த கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். அடுத்து 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6, நேராக ஒரு படி தாண்டி. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம்.

இது உழவனுக்கு ஏன் முக்கியம்? இந்தக் கோடுகளில்தான் இன்ஜினின் குணமே மாறுகிறது.

தேனியில் 2017 மார்ச் வரை பதிவான பொலிரோ பிக்கப்பில் பெரும்பாலும் பழைய வகை 2523 சிசி டி.ஐ. இன்ஜின். மெக்கானிக்கல் பம்பு, நாசில். கம்ப்யூட்டர் கிடையாது. தேவாரத்தில் நின்றாலும் வருசநாட்டில் நின்றாலும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆள் கிளப்பிவிடுவார். புகை கொஞ்சம் வரும், சத்தம் வரும், மைலேஜ் சுமார். ஆனால் நிற்காது. பி.எஸ்.4-லிருந்து அதே 2523 சிசி இன்ஜின் காமன் ரயிலுக்கு மாறியது. டீசலை மிக அதிக அழுத்தத்தில் ஒரு குழாயில் தேக்கி, எவ்வளவு பீய்ச்சணும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். இழுவை நல்லா இருக்கும், புகை குறைவு. ஆனால் இன்ஜெக்டரின் துளை ரொம்ப மெல்லிசு. டீசலில் தூசியோ தண்ணியோ கலந்தால் இன்ஜெக்டர் போயே போய்விடும். நாம் பவர் டில்லருக்கும் ஆயில் இன்ஜினுக்கும் கேனில் டீசல் வாங்கி மோட்டார் ரூமில் வைக்கிறோம் இல்லையா? அந்தக் கேன் டீசலைக் காமன் ரயில் வண்டியில் ஊற்றவே கூடாது. பழைய பம்பு வண்டி அதையும் குடித்துவிட்டு ஓடும்.

பி.எஸ்.6 இன்னொரு உலகம். டீசல் வண்டி என்றால் புகைப்பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும், டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது சுட்டுத் தீர்க்கணும். அதுக்குப் புகை நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் தொடர்ந்து போகணும். கம்பத்திலிருந்து மதுரைக்கு ஒரே ஓட்டமாகப் போகிற வண்டிக்குப் பிரச்சினையே இல்லை. தோட்டத்திலிருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டர், பிறகு தேனி நகரில் தெருத்தெருவாக நிறுத்தி நிறுத்திக் காய் கொடுப்பது என்றால் கரி எரியவே எரியாது. அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், இழுவை போகும். நம்மில் நேரடி விற்பனை செய்கிறவர்களின் ஓட்டம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

சிலர் அந்த வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு விற்கிறார்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் தேயுங்க. வடிகட்டி நல்லா இருக்கிற வண்டியில் விரலில் கரி அதிகம் ஒட்டாது. மை பூசினது போல் கறுத்தால் அது இல்லை, அல்லது உடைந்துவிட்டது.

சில பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் டி.இ.எஃப். என்ற திரவமும் ஊற்றணும். அது வேறொண்ணுமில்லை, சுத்தமான தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா. நிலத்துக்கு யூரியா வேண்டாம் என்று சத்தியம் பண்ணின நாம வண்டிக்கு யூரியா வாங்குகிறோம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொல்லி எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு இருக்கட்டும், உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீங்க. 2015 முதல் உர யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசினது. அதில் வேறு கசடும் உண்டு. புகைப்பாதையே நாசமாகிவிடும். விற்கிறவர் அப்படி ஊற்றியிருப்பாரோ என்ற சந்தேகம் வந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

இதையெல்லாம் வைத்து என் கணக்கு என்னவென்றால், தோட்டத்துக்கும் ஊருக்கும் குறுக்கோட்டம் அதிகம் என்றால் 2017 மார்ச்சுக்கு முந்தின பி.எஸ்.3 வண்டி. வாரம் நாலு நாள் ஒட்டன்சத்திரமோ மதுரையோ என்றால் 2017-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட பி.எஸ்.4. பி.எஸ்.6 டீசல் பழசாக வாங்குவதென்றால், கம்பெனி சர்வீஸில் முழு வரலாறும் இருக்கணும். சேஸ் நம்பர் கொடுத்துக் கேட்டால் சர்வீஸ் சென்டரில் விவரம் பார்த்துச் சொல்வார்கள். 2017 பிப்ரவரி, மார்ச்சில் பதிவான பி.எஸ்.3 வண்டி கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தும் வாங்கலாம். பழைய பம்பு இன்ஜின், வயசு குறைவு.

குட்டியானையும் மற்றதும்

டாடா ஏஸ் 2005 மே மாதம் வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், முக்கால் டன். நம்ம பக்கம் குட்டியானை என்று பேர் வைத்து வீட்டு ஆளாக்கிவிட்டோம். பழைய ஏஸ் டீசலில் எளிமையான இன்ஜின், ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். அதன் பலவீனம் இன்ஜின் இல்லை, நாம். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் வாழைத்தார் ஏற்றுகிறோம். அதனால் பழைய ஏஸ் பார்க்கும்போது பின் பட்டையை எண்ணுங்க. கம்பெனி கொடுத்ததை விடக் கூடுதல் பட்டை போட்டிருந்தால் அது அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி. 2020-க்குப் பிந்தின ஏஸ் டீசல் காமன் ரயில். அதே வருசத்தில் பெட்ரோல் ஏஸும் வந்தது, நகரத்துக்குள் வீடு வீடாகப் போகிறவர்களுக்கு அது தோது.

அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் ஓசூரிலிருந்து வந்தது. ஒன்றேகால் டன், மூன்று சிலிண்டர். இதில் கவனிக்க வேண்டியது, முதல் வருசத்திலிருந்தே காமன் ரயில். "2013 மாடல்தானே, பழைய பம்பு வண்டிதானே" என்று நினைத்து வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. தொடங்கும்போது நிசான் கூட்டு, 2016-ல் அந்தப் பங்கை லேலண்டே வாங்கிக்கொண்டது. வண்டி தொடர்ந்து வருகிறது, பாகத்துக்குக் கவலையில்லை.

நின்றுபோன மாடலில்தான் கை வைக்க யோசிக்கணும். மகிந்திரா மேக்சிமோ 2010-ல் வந்த நல்ல வண்டிதான், இப்போது தயாரிப்பில் இல்லை. மாருதி சூப்பர் கேரி 2016-ல் டீசலில் வந்தது, 793 சிசி. 2020-ல் மாருதி டீசலையே விட்டுவிட்டது. பெட்ரோல் சூப்பர் கேரி தொடர்கிறது. விலை மலிவாக இருக்கிறதே என்று இப்படிப்பட்டதை வாங்கும் முன், உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஒரு கிளட்ச் பிளேட்டும் ஒரு இன்ஜெக்டரும் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்க. வாழை வெட்டின அன்றைக்கு வண்டி நின்றால் தார் காத்திருக்காது.

மலை ஏறின வண்டி

வருசத்தை விடப் பெரிசு, நம்ம பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை, வண்டி எந்த ரோட்டில் ஓடியது என்பது. லோயர் கேம்பிலிருந்து குமுளி, கம்பம் மெட்டு, போடிமெட்டு, சின்னமனூரிலிருந்து மேகமலை. ஏலக்காய்த் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிப் போய், இறக்கத்தில் சும்மாவோ சுமையோடோ வருகிற வண்டி, சமவெளியில் இரண்டு மடங்கு ஓடின வண்டியை விடக் களைத்திருக்கும். ஏற்றத்தில் கிளட்சும் ஹெட் கேஸ்கட்டும் தேயும். இறக்கத்தில் பிரேக்கும் கியர் பாக்ஸும்.

விடிகாலை மூணு மணிக்குக் கிளம்பி ஒட்டன்சத்திரம் போய்வருகிற காய்கறி வண்டியில் கிலோமீட்டர் ஏகமாக இருக்கும். ஆனால் இன்ஜின் ஒரே சூட்டில், ஒரே வேகத்தில் ஓடியிருக்கும். மீட்டரில் இரண்டு லட்சம் காட்டினாலும் அப்படிப்பட்ட வண்டியை நான் பயப்படாமல் பார்ப்பேன். 70,000 ஓடின மலை வண்டியைப் பத்துத் தடவை யோசிப்பேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில், இன்ஜின் ஆறிக்கிடக்கும்போது போங்க. முன்கூட்டியே கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்க. கிளப்பும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க. பச்சையோ சிவப்போ கூலன்ட் இருந்தால் நல்லது. துரு நிறத்தில் போர் தண்ணீர் என்றால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. கிளப்பின பிறகு ரேடியேட்டரில் குமிழ் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பம்பு, நாசில் பக்கம் வேலை இருக்கிறது, சூடான பிறகும் வெள்ளை நின்றபாடில்லை என்றால் தண்ணீர் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துக் கொஞ்சம் ரேஸ் கொடுங்க. குபுகுபுவென்று புகை வெளியே தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜின்.

பிறகு ஒரு ஏற்ற இறக்கத்துக்குக் கொண்டுபோகணும். முடிந்தால் பின்னால் பத்து மூட்டை எரு ஏற்றிக்கொள்ளுங்க, விற்கிறவர் முனகினாலும் பரவாயில்லை. லோயர் கேம்பிலிருந்து இரண்டாவது கியரில் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்க. கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் அது மலை வண்டி, கியர் பாக்ஸ் முடிந்த வண்டி. என் 2015 வண்டியில் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும். கீழே வந்ததும் பிரேக் டிரம் பக்கம் முகர்ந்து பாருங்க, கருகின வாசம் லேசாக வரலாம், கண் எரிகிற அளவுக்கு வரக்கூடாது.

அடியில் படுத்தும் பார்க்கணும். வெட்கப்படாதீங்க, ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்க. கேபினுக்குப் பின்னால் சேஸில் விரிசலோ, பட்டை தாங்கியில் வெல்டிங் ஒட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்க. புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த சேஸ் என்றால் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்க. தகடு சத்தம் வரணும், "பொத்" என்று வந்தால் அடியில் துரு.

என்ன ஏற்றினார்கள்?

மீன் வண்டி வேண்டவே வேண்டாம். ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் வருசக்கணக்கில் சேஸில் சொட்டியிருக்கும். ஐந்து வருச மீன் வண்டி பதினைந்து வருச வண்டியைப் போல் அரித்திருக்கும், பெயின்ட்டால் மூடியிருப்பார்கள். ரசாயன உரம் ஏற்றின வண்டியும் அப்படித்தான், பொட்டாஷ் உப்பே.

நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. பூச்சிமருந்துக் கடைக்கு ஓடின வண்டியில் பலகை இடுக்கில் மருந்து ஊறியிருக்கும். அங்ககச் சான்றில் இருக்கிற விளைபொருளை ஏற்றும் வண்டியில் இப்படி மாசு கலக்கக்கூடாது என்பது விதி. அப்படிப்பட்ட வண்டி வேறு எல்லா விதத்திலும் நல்லா இருந்தால், அடிப்பலகையைப் பிடுங்கிப் புதுப்பலகை போடுகிற செலவை விலையில் கழித்துப் பேசுங்க. கழுவினால் போகாது.

பழியெல்லாம் மற்றவர்கள் மேல் போடவும் கூடாது. ஈரச் சாணமும், டிரம்மில் தளும்புகிற கோமியமும் இரும்பை நல்லாவே தின்னும். ஜீவாமிர்தம் கொண்டுபோன வண்டியை அன்றைக்கே கழுவாமல் விட்டால் நம்ம வண்டியும் மீன் வண்டிதான்.

பேப்பர்

பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா, அபராதம் பாக்கியா என்பது தெரியும். டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. செய்யாமல் முன்பணம் கொடுக்காதீங்க.

எஃப்.சி.யில் வருசம் நேராகப் பணமாகிறது. பதிவாகி எட்டு வருசம் வரை இரண்டு வருசத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும், அதற்கு மேல் வருசா வருசம். ஒவ்வொரு தடவையும் டின்கரிங், பெயின்ட், ஸ்டிக்கர், இரண்டு நாள் வேலைக் கேடு. 15 வருசம் தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணமும் பல மடங்கு கூட்டிவிட்டார்கள். 2010 வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் இதுதான்.

ஆர்.சி.யில் மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவில் அந்த விலக்கு இருக்கிறது. பிக்கப்புகளில் சில மாடல்கள் இந்த அளவுக்குச் சற்றே கீழேயும், பெரிய பாடி மாடல்கள் மேலேயும் நிற்கும். பேரை நம்பாமல் எண்ணைப் பாருங்க. சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்பதை உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லி, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. 7500 கிலோ வரை இது பொருந்தும். அதிக பாரத்துக்கு 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதல் டன்னுக்கு 2,000. ஒரு நடை வாழைத்தாரின் லாபம் முழுக்கப் போகும்.

கடன் வண்டி என்றால் பைனான்ஸின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வரணும், "அடுத்த வாரம் வாங்கித் தரேன்" என்பது ஆகாது. இடுக்கிப் பக்கத்து கே.எல். வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்க. மழையில் நனைந்த துருவையும் சேர்த்து.

பேர் மாற்றத்தை மட்டும் தள்ளிப் போடாதீங்க. படிவம் 29, 30 கையெழுத்தாகி, ஆர்.சி. உங்கள் பேருக்கு வரணும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுக்கணும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்குகிறவர்கள் இதைத் தங்களுக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளணும். யாரோ ஓட்டி எங்கேயோ இடித்ததுக்கு, விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிற உழவனின் நிலம் ஜப்திக்கு வரலாம். அதே மாதிரி, களை எடுக்கிற ஆட்களைப் பின்னால் ஏற்றிப் போகிற பழக்கம். சரக்கின் சொந்தக்காரரோ அவரது ஆளோ கேபினில் வரலாம். பின்னால் பதினைந்து பேர் நின்று வந்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கை விரித்துவிடுவார்.

சின்னமனூர் 2016 வண்டியைப் பார்க்க அந்தத் தம்பியோடு நானும் போனேன். தயாரித்தது 2015 நவம்பர், பதிவு 2016 பிப்ரவரி, அதில் குறையில்லை. பம்பு இன்ஜின், புகை சுத்தம். பின் பட்டையில் இரண்டு கூடுதல். லோயர் கேம்ப் இறக்கத்தில் இரண்டாவது கியர் துள்ளியது. "அது பழக்கத்துல சரியாயிரும் சார்" என்றார் விற்கிறவர். தம்பி என் முகத்தைப் பார்த்தார், நான் ரோட்டைப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து உத்தமபாளையத்தில் ஒரு 2013 வண்டி வாங்கினார். பால் கேன் ஏற்றி, கூடலூருக்கும் தேனிக்கும் மட்டும் ஓடினது. ஒரே ஓனர், ஆயில் மாற்றின தேதியெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். மூன்று வருசம் பழசானதை வாங்கினோமே என்று அவர் வீட்டில் முணுமுணுப்பு. போன மாதம் எஃப்.சி. காட்டினார்கள். பின் சக்கரத்தில் ஒரு வீல் சிலிண்டர் மட்டும் மாற்றச் சொன்னார்கள்.